இறப்பர் கடந்த சுங்க வாயில்கள்

துறைமுகங்களிலே சுங்கச் சாவடி அமைக்கப்பட்டதன் முதல் நோக்கம் வரி வாங்குவதேயாம். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தார் மூடைகளின்மீது புலிப்பொறியிட்டு அவற்றைப் புறம்போக்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பொறி இட்டாயிற்றெனில் வணிகன் தன் சரக்கை விரும்பிய திசைக்குக் கொண்டு செல்லலாம். ஆனால் சுங்கத்துக்கு வேறொரு தொழிலும் உண்டு. வரி எவ்வளவு கொடுப்பினும் இப்பொருள் இந்நாட்டை விட்டுப் போகலாகாது, போனாலும் இவ்வளவுக்கு மேற் போகலாகாது, இன்னாருடைய கைக்குப் போகவே கூடாது என்று தடுத்து நிறுத்துவதே அத்தொழில். ஒல்லாந்தர் ஆட்சியிலே கறுவாவைக் கள்ளத்தனமாக விற்றவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதை இலங்கை வரலாறு படித்தோர் அறிவர். அங்கே சுங்கத்தாரின் ஏட்டுக்குப் பின்னால் தூக்குமரமும் நின்றது.

இத்தகைய தடைகள் பல பொருள்களைப் பற்றியனவாக உலகில் எழுந்திருக்கின்றன. எனினும் ஒரே பொருள், நூறாண்டுக்கும் குறைந்த காலத்தில், இத்தடைகளின் வகைகள் யாவற்றையும் கண்டுவிட்டது என்றால் அது இறப்பரே. விதையாகக் கடல் கடந்தபோது ஒரு சுங்க வாயில். விலை வீழ்ந்தபோது அளவு கட்டிய இன்னொரு சுங்க வாயில். இரு பெரும் அணிகளாக உலகம் பிரிந்தபோது மூன்றாவது வாயில். மூன்றிலும் இலங்கைக்குப் பங்கு உண்டு.

முதல் வாயில் பிரேசில் நாட்டின் பாரா துறைமுகத்தில் இருந்தது. இப்பொழுது பெலெம் என வழங்கும் நகரம் அது. 1876 ஆம் ஆண்டிலே ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர், அமேசன் ஆற்றின் கிளையாகிய தபாஜோஸ் நதிக்கரைக் காடுகளிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளைத் திரட்டினார். இலண்டனிலிருந்த இந்திய அலுவலகம் ஆயிரம் விதைக்குப் பத்துப் பவுண் வீதம் தருவதாக வாக்களித்திருந்தது. விதைகளை ஏற்றிய ‘அமேசனாஸ்’ என்னும் கப்பல் கடலுக்குள் இறங்குமுன் பாராத் துறைமுகத்தில் நின்று சுங்க அனுமதி பெற வேண்டும். இறப்பர் விதை எண்ணெய்ப் பசையுள்ளது; சில வாரங்கள் தாமதித்தாலும் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆகவே அதிகாரிகள் வேண்டுமென்றே கப்பலைத் தடுக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதும், விதைகள் செத்துவிடும்.

அங்கே நடந்ததை விக்கமே பல்லாண்டு கழித்து, 1908 இல் வெளியிட்ட தம் நூலில் எழுதினார். ஆங்கிலத் தூதுவரோடு சுங்கத் தலைவரைச் சென்று கண்டாராம். கப்பலில் இருப்பவை மிக மென்மையான தாவர மாதிரிகள், மகாராணியாரின் கியூ பூங்காவுக்கு உரியவை என்றாராம். மரியாதையோடு விடை கொடுத்து அனுப்பினார்களாம். இதிலிருந்துதான் ‘விதை திருடிய வீரன்’ என்ற கதை பிறந்தது. விக்கம் அக்கதையை விரும்பியே வளர்த்தார் போலும். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அவர் சொற்களில் மிகையானவை பல எனக் காட்டியுள்ளனர். மெய்யாக நோக்குமிடத்து, இறப்பர் விதையை ஏற்றுமதி செய்யலாகாது என்ற சட்டம் அந்நாளில் பிரேசிலில் இருக்கவில்லை. சட்டமில்லாதவிடத்துக் கள்ளக்கடத்தல் என்ற குற்றம் ஏது?

எனினும் அவர் குற்றமற்றவரென்று முற்றிலும் விட்டுவிடுவதும் பொருந்தாது. எந்தச் சுங்கச் சாவடியும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றது: பொருள் யாது, போகுமிடம் எது, பயன் என்ன? விக்கம் முதற் கேள்விக்கு மெய்யும் மறைப்புமாக விடை கூறினார். இரண்டாவதற்கு முழு மெய் கூறினார். மூன்றாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிரேசிலின் பெருஞ்செல்வத்தை ஆசியாவிலே நட்டு வளர்ப்பதே பயன் என்று கூறியிருந்தால், சட்டம் இல்லாவிடினும் கப்பல் அத்துணை விரைவில் நகர்ந்திராது. தாம் கொண்டு செல்வதன் நோக்கம் தெரிந்திருந்தால் அதிகாரிகள் தடுத்திருப்பர் என்று அவரே ஒப்புக்கொள்கின்றார்.

கியூ பூங்காவில் விதைக்கப்பட்ட 70,000 இல் முளைத்தவை 2,700 அளவே. அவற்றுள் 1,919 கன்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து சேர்ந்தன. பெரும்பாலானவை பழுதின்றி வந்தன. கம்பகாவுக்கு அண்மையில் ஹெனரத்கொடவிலே அவற்றுக்கெனவே ஒரு பூங்கா திறக்கப்பட்டது. சிங்கப்பூருக்கு அனுப்பிய ஐம்பது கன்றுகளின் கதை வேறு. கப்பற் கூலியை உரிய அலுவலகம் செலுத்தத் தவறியமையால் அவை துறைமுகத்திலேயே கிடந்து மடிந்தன. பாராவில் ஒரு பேரரசின் தந்திரத்தால் வென்ற விதை, சிங்கப்பூரில் அதே பேரரசின் கணக்குப்பிள்ளைகளிடம் தோற்றது. மறு ஆண்டு அனுப்பப்பட்ட 22 கன்றுகளே மலாயாவின் பெருந்தோட்டங்களுக்கு மூலமாயின.

அதன்பின் நடந்தது யாவரும் அறிந்ததே. மோட்டார் வண்டிகள் பெருகின. 1910 இல் இறப்பரின் விலை இறாத்தலுக்குப் பன்னிரண்டு சிலிங்குக்கும் மேலே சென்றது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் குன்றுகள் இறப்பர்க் காடாயின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் விடியற் பொழுதிலே கத்தியும் வாளியும் ஏந்தி அக்காட்டுக்குள் நுழைந்தனர். பத்தே ஆண்டில் ஆசியத் தோட்ட இறப்பர் பிரேசிலின் காட்டு இறப்பரைச் சந்தையிலிருந்து துரத்திவிட்டது.

எல்லோரும் நட்டால் எல்லோருக்கும் விலை விழும். முதல் உலகப் போருக்குப் பின் விலை வீழ்ந்தபோது பிரித்தானிய அரசு ஸ்டீவன்சன் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. அக்குழு வகுத்த திட்டம் 1922 நவம்பர் முதல் 1928 நவம்பர் வரை இலங்கையிலும் மலாயாவிலும் நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ‘நியம உற்பத்தி’ என்று ஓர் அளவு குறிக்கப்பட்டது. அதில் இத்தனை வீதத்தை மட்டும் குறைந்த தீர்வையோடு ஏற்றுமதி செய்யலாம். மேலதிகமாக ஓர் இறாத்தல் அனுப்பினாலும் இலாபத்தை விழுங்கிவிடும் தீர்வை வந்து சேரும். இங்கே அரசு ‘போகாதே’ என்று சொல்லவில்லை. போனால் நட்டம் என்று தீர்வையைக் கொண்டு சொல்லிற்று. வரி வாங்குவதற்கென்று பிறந்த சாவடி, வரி வராமலிருப்பதற்காகவே வரி விதித்த விந்தை அது.

ஆயினும் அருகிலிருந்த ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகள் இத்திட்டத்திற் சேரவில்லை. இவ்விடத்திலே திட்டம் உடைந்தது. பிரித்தானியர் தம் மரங்களைக் கட்டிப்போட, சுமாத்திராவிலும் போர்ணியோவிலும் சிறு குடியானவர்கள் மேலும் மேலும் நட்டனர். மலாயாவிலிருந்து இரவோடிரவாகச் சிறு படகுகளில் இறப்பர் ஒல்லாந்தத் தீவுகளுக்குச் சென்றது; அங்கே அது ஒல்லாந்த இறப்பராகப் பெயர் மாறிக் கப்பலேறிற்று. 1925 இல் விலை நான்கு சிலிங்குக்கு மேல் ஏறியபோது உலக இறப்பரிற் பெரும்பகுதியை நுகர்ந்த அமெரிக்கா சினந்தது. அந்நாட்டின் வர்த்தகச் செயலாளராயிருந்த ஹேர்பேர்ட் ஹூவர் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பயர்ஸ்ரோன் நிறுவனம் 1926 இல் ஆபிரிக்காவின் லைபீரியாவில் தோட்டம் தேடிற்று. ஹென்றி போர்ட் 1927 இல், விக்கம் விதை பொறுக்கிய அதே தபாஜோஸ் நதிக்கரையிலே நிலம் பெற்று ஒரு நகரமே அமைத்தார். இலைக்கருகல் நோய் அவருடைய மரங்களைத் தின்றது; 1945 இல் அந்நிலம் பிரேசில் அரசிடமே மீண்டது. ஓரிடத்தில் இறுக்கிய கயிறு உலகின் வேறு மூலைகளில் எப்படியெல்லாம் முடிச்சு விழுத்தும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அண்டை நாட்டை விட்டுவிட்டுத் தான் மட்டும் கதவை அடைத்துப் பயனில்லை என்று கண்டவர்கள் 1934 இல் எல்லோரையும் சேர்த்தனர். பிரித்தானியா, ஒல்லாந்து, பிரான்சு, இந்தியா, சீயம் ஆகியன கையொப்பமிட்ட அனைத்துலக இறப்பர் ஒழுங்குபடுத்தல் உடன்படிக்கை அவ்வாண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. முதலாண்டுக்கு மலாயாவின் அடிப்படைப் பங்கு 504,000 தொன். ஒல்லாந்தத் தீவுகளுக்கு 352,000 தொன். இலங்கைக்கு 77,500 தொன். நாட்டுக்குக் கிடைத்த பங்கு தோட்டங்களுக்கும் சிறு நிலக்காரருக்கும் கூப்பன்களாகப் பகிரப்பட்டது. கூப்பன் இல்லாத இறப்பர் கப்பலேறாது. இதனாலே வேடிக்கையான ஒரு நிலை உண்டாயிற்று. இறப்பருக்கு ஒரு விலையும் கூப்பனுக்கு ஒரு விலையுமாக இரு சந்தைகள் தோன்றின. மரத்தை வெட்டாமல் விட்டு, கூப்பனை மட்டும் விற்று வாழ்ந்தவர்களும் உண்டு. பால் தராத மரத்திலிருந்து பணம் கறக்கும் வித்தை அது.

அவ்வுடன்படிக்கையில் இன்னொரு விதியும் இருந்தது. உடன்பட்ட நாடுகளிலிருந்து இறப்பர் விதையோ, ஒட்டுக் கிளையோ, கன்றோ வேறெந்த நாட்டுக்கும் போகலாகாது என்பதே அது. 1876 இல் பிரேசில் இயற்றாத சட்டத்தை 1934 இல் விக்கமின் நாட்டவரே இயற்றினார்கள்! பாராவின் சுங்க மண்டபத்தில் நடந்ததைப் பெருமையாகப் பேசிவந்தவர்கள், தம் துறைமுகங்களிலே அது நடவாதபடி வாயிலை அடைத்தனர். விக்கமுக்கு 1920 இல் ‘சேர்’ பட்டமும் கொடுத்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரிலே இந்தப் பங்குக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போயிற்று. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது; உலகின் இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கு யப்பானியர் கைக்குப் போயிற்று. நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய இறப்பர் நிலம் இலங்கை ஒன்றே. குறைத்து அனுப்பு என்று நேற்றுவரை ஆணையிட்டவர்கள், மரம் செத்தாலும் பாதகமில்லை, பால் முழுவதையும் எடு என்றனர். அழிவு வெட்டு என்று அழைக்கப்பட்ட அம்முறையால் ஆயிரக்கணக்கான ஏக்கர் மரங்கள் பாழாயின. அதே காலத்தில் அமெரிக்கா செயற்கை இறப்பர் ஆலைகளைப் பெருமளவில் எழுப்பியது. போர் முடிந்தபோது இலங்கையிடம் முதிர்ந்து நலிந்த மரங்களும், எதிரில் புதியதொரு போட்டியாளனும் இருந்தமை கருதத்தக்கது.

மூன்றாம் வாயிலுக்கு இனி வருவோம்.

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. இறப்பர் விலை வானளாவ எழுந்தது. அவ்வாண்டின் இறுதியிலே அமெரிக்க அரசு தன் நாட்டுக்குள் வரும் இயற்கை இறப்பர் முழுவதற்கும் தானே தனிக் கொள்வனவாளராயிற்று. அதே காலத்திற் சீனப் படைகள் கொரியாவில் இறங்கின. பீரங்கி வண்டிக்கும் இராணுவ லொறிக்கும் விமானத்துக்கும் சில்லு வேண்டும்; சில்லுக்கு இறப்பர் வேண்டும். சீனாவுக்குப் போகும் ஒவ்வோர் இறப்பர்ப் பொதியும் தன் மைந்தரைக் கொல்லும் என்று அமெரிக்கா எண்ணியதிற் பொருள் இல்லாமலில்லை.

1951 மே 18 ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, படைக்கலங்கள், பெற்றோலியம், போர் முக்கியத்துவமுள்ள போக்குவரத்துப் பொருள்கள் முதலியவற்றைச் சீனாவுக்கு அனுப்பாதிருக்குமாறு உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. எவை அவ்வகையின என்று தீர்மானிப்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டது. பிரித்தானியா மலாயா இறப்பர் சீனாவுக்குப் போவதை நிறுத்திற்று. அமெரிக்கக் காங்கிரசு அவ்வாண்டு ஒக்ரோபரில் இன்னொரு சட்டம் இயற்றிற்று. அதனைக் கொண்டுவந்த அலபாமாப் பிரதிநிதி லோரி பற்றில் என்பவரின் பெயரால் அது பற்றில் சட்டம் எனப்பட்டது. அப்பெயருக்கு ஆங்கிலத்திலே போர் என்று பொருளாவது தற்செயலே எனினும் பொருத்தமாகத்தான் அமைந்தது. பட்டியலில் உள்ள பொருளைச் சோவியத் அணி நாடுகளுக்கு அனுப்பும் எந்த அரசுக்கும் அமெரிக்க உதவி கிடையாது என்பது அதன் சாரம். தன் எல்லைக்குள் உள்ள துறைமுகத்தை மட்டும் ஆள்வதே சுங்கம் என்று அதுவரை எண்ணியிருந்தனர். பிறநாட்டுத் துறைமுகத்திலும் தன் பட்டியலை நடத்துவதற்கு உதவி என்னும் கயிற்றை இச்சட்டம் பயன்படுத்தியது.

இத்தகைய தடை எவ்வாறு நடைபெறும் என்பதையும் சிறிது விளக்குவது நலம். ஏற்றுமதியாளர் முதலில் உத்தரவுப்பத்திரம் பெற வேண்டும். அதிலே பொருள், அளவு, விலை, பெறுபவர், இறுதியாகச் சேருமிடம் யாவும் குறிக்கப்படும். சுங்கத்தில் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரமும், கப்பல் தலைவன் தரும் சரக்குச் சீட்டும், கப்பலின் சரக்குப் பட்டியலும் அதனோடு ஒத்திருத்தல் வேண்டும். ஆனால் காகிதம் ஒத்திருந்தாலும் கப்பல் வழியில் வேறு துறைமுகத்திற் சரக்கை இறக்கிவிடலாமல்லவா? அதற்காக மேற்கு நாடுகள் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்தன. வாங்கும் நாட்டு அரசு, இப்பொருளை வேறெங்கும் அனுப்பமாட்டோம் என்று முன்னரே ஒரு சான்றிதழ் கொடுக்கும். பொருள் வந்து சேர்ந்தபின் அந்நாட்டுச் சுங்கம், வந்து சேர்ந்தது என்று மறு சான்றிதழ் கொடுக்கும். இரண்டும் சேர்ந்தாற்றான் விற்றவன் தன் அரசிடம் கணக்கு முடிக்கலாம். கப்பல்களும் கட்டுப்பட்டன. அமெரிக்கக் கொடியுள்ள கப்பல்கள் சீனத் துறைமுகங்களை நாடுவதை 1950 டிசெம்பரிலேயே அமெரிக்கா விலக்கியிருந்தது. 1953 மார்ச்சில் பிரித்தானியா தன் கப்பல்களுக்கும் உத்தரவுமுறை ஏற்படுத்தியதோடு, போர் முக்கியத்துவமுள்ள சரக்கைச் சீனாவுக்குக் கொண்டு செல்லும் பிறநாட்டுக் கப்பல்களுக்குத் தன் துறைமுகங்களில் எரிபொருள் கிடையாதென்றும் விதித்தது.

இலங்கையின் நிலை யாது? 1950 சனவரியிலேயே அது மக்கள் சீனக் குடியரசை அங்கீகரித்திருந்தது. ஐக்கிய நாடுகளில் அது உறுப்பினரன்று. சோவியத்தின் மறுப்பினால் அதன் விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. 1955 டிசெம்பரிலேதான் உறுப்புரிமை கிடைத்தது. ஆகவே பொதுச்சபையின் பரிந்துரை அதனைக் கட்டுப்படுத்தவில்லை. கம்யூனிச நாடு ஒன்று தன்னைச் சபைக்கு வெளியே நிறுத்தியதனால், இன்னொரு கம்யூனிச நாட்டுடன் வாணிபம் செய்யும் உரிமை அதற்கு மிஞ்சிற்று. வரலாற்றின் விளையாட்டுக்களுள் இதுவும் ஒன்று.

1951 இலேயே சீனாவுக்கு இலங்கை இறப்பர் செல்லத் தொடங்கிற்று. இறப்பர் மரத்தின் இலை நோய்க்குத் தூவும் கந்தகத்தை விற்க அமெரிக்கா மறுத்தது. பொருள் சிறியது; ஆனால் நோயுற்ற மரத்துக்கு அது மருந்து.

1952 இல் இரு துன்பங்கள் ஒருங்கே வந்தன. கொரியாவின் ஏற்றம் தணிந்து இறப்பர் விலை சரிந்தது. அதே வேளையில் உலகில் அரிசிப் பஞ்சம். பர்மாவிலும் சீயத்திலும் போதிய அரிசி கிடைக்கவில்லை. கிடைத்ததற்கும் விலை ஏறிற்று. உண்ணும் அரிசியிற் பாதிக்கு மேல் கடல் கடந்து வரவேண்டிய நாடு இலங்கை. பங்கீட்டு அட்டையில் அரிசி குறைக்கப்பட்டது. இறப்பர் விலை விழுந்தால் முதலில் வேலையிழப்பவர் பால்வெட்டும் தொழிலாளர். அரிசி ஏறினால் முதலிற் பட்டினி கிடப்பவரும் அவரே. அவர்களுட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் வாக்குரிமை இழந்திருந்த தமிழர் ஆதலின், அவ்வாண்டுத் தேர்தலில் தம் துன்பத்தைச் சொல்லவும் அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

மார்ச்சில் டி. எஸ். சேனநாயக்க மறைந்தார், டட்லி சேனநாயக்க பிரதமரானார். அவருடைய அரசு கம்யூனிசத்துக்கு நட்பான அரசன்று என்பதை யாரும் அறிவர். முதலில் அது அமெரிக்காவையே நாடிற்று. இறப்பருக்கு நல்ல விலையும் அரிசிக்குத் தாங்கக்கூடிய விலையும் கேட்டது. அமெரிக்கர் சந்தை விலைக்கு மேல் கொடுக்க இசையவில்லை. செப்ரெம்பரில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க தலைமையில் ஒரு தூதுக்குழு பீக்கிங் சென்றது. ஒக்ரோபர் 4 ஆந் திகதி 80,000 தொன் அரிசிக்கு ஒப்பந்தமாயிற்று. டிசெம்பர் 18 ஆந் திகதி ஐந்தாண்டு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் இறப்பர் கொடுப்பது. சீனா 270,000 தொன் அரிசி கொடுப்பது. இறப்பருக்கு உலகச் சந்தையிலும் கூடிய விலை. இலங்கை உற்பத்தியில் ஏறத்தாழப் பாதிக்கு இவ்வாறு நிலையான கொள்வனவாளர் கிடைத்தார்.

இவ்வுடன்படிக்கை மந்திரிசபைக்குள்ளும் வெளியிலும் கடுமையான விவாதத்தை எழுப்பிற்று. எனினும் நூறு மேடைப் பேச்சுக்கும் மேலாக ஒரு கொத்து அரிசி பேசிற்று. பற்றில் சட்டத்தின்படி இலங்கைக்கு அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. ஆயின் அதுவரை பெற்றுவந்த உதவியே மிகச் சிறிது. இல்லாத பசுவை அவிழ்த்துக்கொண்டு போவேன் என்று அச்சுறுத்தினால் யார் அஞ்சுவார்?

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிப்பிடாமலிருக்க முடியாது. தடைசெய்த சரக்கைக் கடத்துவோர் வழக்கமாகச் சேருமிடத்தை மாற்றி எழுதுவர். இடையிலுள்ள துறைமுகத்திலே பொதியின் குறியை அழித்து வேறு குறி இடுவர். கொழும்பிலிருந்து சென்ற இறப்பருக்கு அவ்வேலை வேண்டியிருக்கவில்லை. அரசின் பண்டக் கொள்வனவுத் திணைக்களமே வணிகரிடம் புகையிட்ட தகட்டு இறப்பரை வாங்கிற்று. சுங்கப் பத்திரத்திற் பொருள் இறப்பர், போகுமிடம் சீனா, பயன் அரிசி. பாராவில் விக்கம் விழுங்கிய மூன்றாவது விடை இங்கே உரத்துச் சொல்லப்பட்டது. இதனாற்றான் வாஷிங்டனில் இருந்தவர்களுக்கும் இதனைக் கடத்தல் என்று சொல்ல முடியவில்லை. ஒரு சுதந்திர நாட்டின் முடிவென்றே கொள்ள வேண்டியதாயிற்று.

உடன்படிக்கையின் பயன் தோட்டந்தோறும் ஒரே விதமாகச் சென்றது என்று கூறுவதற்கில்லை. சீனா வாங்கியது தகட்டு இறப்பர்; அது பெரும்பாலும் சிறு நிலக்காரர் கைப்பொருள். ஆதலின் களுத்துறை, கேகாலைக் கிராமங்களில் அதன் நன்மை விரைவில் தெரிந்தது. மலிவான அரிசி வந்தும் அரசின் உணவு மானியச் சுமை நீங்கவில்லை. 1953 ஜூலையில் பங்கீட்டரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ற் 12 ஆந் திகதி ஹர்த்தால் நடந்தது, உயிர்கள் பலியாயின, டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். சீன அரிசியைக் கொண்டுவந்த அரசே அரிசியால் வீழ்ந்தது. பின்வந்த சேர் ஜோன் கொத்தலாவல கம்யூனிசத்தை இன்னும் கடுமையாகச் சாடியவர். ஆயினும் உடன்படிக்கையை அவர் தொடவில்லை.

தடையின் கோட்டை பின்னர் சிறிது சிறிதாகச் சரிந்தது. 1953 ஜூலையில் கொரியாவிலே போர் ஓய்ந்தது. செயற்கை இறப்பர் பெருகியமையால் இயற்கை இறப்பருக்கு இருந்த போர்ப் பெறுமதி குறைந்தது. 1956 ஜூனில் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சீனாவுக்கு இறப்பர் அனுப்ப வழி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க உதவியும் இலங்கைக்கு வரத் தொடங்கிற்று. அரண் இடிந்தது நல்லதே. ஆனால் இலங்கைக்கு அதில் ஒரு நட்டமும் இருந்தது. மற்ற வாயில்கள் அடைபட்டிருந்தமையாலேதான் கொழும்பு வாயிலுக்கு அவ்வளவு விலை. சிங்கப்பூரில் வாங்க முடிந்த சீனாவுக்குக் கொழும்பிலே கூடிய விலை கொடுக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று.

1957 பெப்ரவரியில் இரு நாடுகளும் தூதுறவு ஏற்படுத்தின. அவ்வாண்டு உடன்படிக்கை மேலும் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டபோது கூடுதல் விலை நீக்கப்பட்டது. அதற்கு ஈடாக இறப்பர் மீள்நடுகைக்கென ஆண்டுக்கு 15 மில்லியன் ரூபாவாக, ஐந்தாண்டில் 75 மில்லியன் ரூபா தரச் சீனா இசைந்தது. போர்க்காலத்து அழிவு வெட்டில் நலிந்த தோட்டங்களிலே புதிய ஒட்டுக் கன்றுகள் நடப்பட்டன. உடன்படிக்கை பலமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது. இறப்பர்க் கன்று பால் தருவதற்கு ஆறேழு ஆண்டுகள் வேண்டும். அக்கன்றுகள் மரமாகி முதற் பால் சுரந்தபோது, சீனா சிங்கப்பூரிலும் கொழும்பிலும் தடையெதுவுமின்றி இறப்பர் வாங்கிக்கொண்டிருந்தது.